நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று

அடுத்த வருடத்து ஜூலை மாதத்தில் முப்பத்தொன்றாம் தேதியைக் காணவில்லை. காலண்டர் அச்சுப்படியில் அந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, "எங்கேப்பா போச்சு?" என்று ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அவளுடைய கைபேசி அடித்தது. கிளினிக்கிலிருந்து சிஸ்டர் பேசினார்.

"ரிசல்ட் வந்திருக்கும்மா. பயப்பட ஒண்ணுமில்ல."

பயப்பட ஒன்றுமில்லை என்று யாராவது பேச்சைத் தொடங்கினால் அந்த நொடியிலிருந்துதான் பயம் ஆரம்பமாகிறது. அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, அச்சு இயந்திரத்தின் சத்தத்துக்கு எட்டாத காகிதக் கட்டுகளின் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"குழந்தைக்குக் குரோமோசோம்ல குறை இருக்கறதுக்கு நூத்திப் பன்னெண்டுல ஒரு வாய்ப்புன்னு காட்டுது. இருக்குன்னு அர்த்தமில்ல."

"அப்ப இல்லையா சிஸ்டர்?"

"இல்லன்னும் அர்த்தமில்லம்மா. உறுதியா தெரியணும்னா வயித்துல ஊசி போட்டுத் தண்ணி எடுத்துப் பார்க்கணும். அதுல ரொம்ப அபூர்வமா கரு கலையவும் வாய்ப்பிருக்கு. வேணுமா வேண்டாமான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து சொல்லுங்க."

அன்று திங்கட்கிழமை. அவளுக்கு முப்பத்தொன்பது வயது. கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து, போதும் போதும் என்று மாத்திரைகளையெல்லாம் தூக்கிப் போட்ட பிறகு, கேட்காமலே வந்து உட்கார்ந்துகொண்ட குழந்தை இது. பதினேழு வாரம். அந்தப் பதினேழு வாரமும் அவள் வாந்தியெடுத்துக்கொண்டே சந்தோஷமாக இருந்திருக்கிறாள். திரும்பி வந்து ஜூலை மாதத்தைப் பார்த்தாள். தேதிகள் எல்லாம் தேதிகளாகத்தான் இருந்தன, ஆனால் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

காலண்டர் அச்சகத்தில் பிழை பார்ப்பது அவள் வேலை. அங்கே அவளுக்குச் சிவப்புப் பேனா என்றே பெயர். அவள் கண்ணில் படாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கறுப்பு மையில் அச்சேறிவிட முடியாது. உலகம் இந்த வருடத்தில் இருக்கும்போது அவள் மட்டும் அடுத்த வருடத்தில் குடித்தனம் நடத்துகிறவள். வீட்டுச் சுவரில்கூட அடுத்த வருடத்து மாதிரிக் காலண்டர்தான் தொங்கும். புதிதாக அச்சானதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போகாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. இதனால் வந்த வினை கொஞ்சநஞ்சமல்ல. ஒருமுறை இருபதாம் தேதிக் கல்யாணத்துக்குச் சுவரைப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை என்று கிளம்பிப் போனார்கள். மண்டபத்தில் நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் சனிக்கிழமையே முடிந்திருந்தது. அவள் கணவன் அந்தக் கதையை இன்னும் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிக்க வைக்கிறான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். அன்று சாயங்காலம் வந்ததும் வராததுமாக விஷயத்தைக் கேட்டவன், கைகூடக் கழுவாமல் சமையலறை முக்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"நூத்திப் பதினொண்ணு நம்ம பக்கம் இருக்குல்ல?" என்றான் கடைசியில்.

"அந்த ஒண்ணு யார் பக்கம் இருக்கு?"

ஊசியைப் பற்றிக் கேட்டபோது, "உன் உடம்பு. நீ என்ன சொல்றியோ அதுதான்" என்றான். மனைவிமார்களுக்கு மரியாதை கொடுக்கிற ஆண்கள் சொல்வதுதான். ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது. எல்லாம் உன் இஷ்டம் என்று ஒருவர் ஒதுங்கி நின்றுகொண்டால், பாரம் முழுவதும் ஒரு தோளுக்கு வந்துவிடுகிறது. ஊசி போட்டுக்கொண்டு ஏதாவது ஆகிவிட்டால்? போட்டுக்கொள்ளாமல் அடுத்த ஐந்து மாதமும் இப்படியே அந்தரத்தில் தொங்கினால்? இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்ததில் அடுப்பில் வைத்த பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. அவன் எழுந்து பேசாமல் துடைத்தான்.

மறுநாள் மதியம் அவள் காகிதம் வெட்டும் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, கழிவுத் தாள்ல சின்னச் சின்னதா நூத்திப் பன்னெண்டு சீட்டு வெட்டிக் குடுங்க."

கட்டிங் அண்ணன் அச்சகத்திலேயே பழைய ஆள். காரணம் கேட்காமல் காகிதம் வெட்ட மாட்டார். "என்ன தங்கச்சி, குலுக்கலா?"

"அப்படித்தான் வெச்சுக்குங்களேன்."

ஒரே வெட்டில் சீட்டுகள் வந்து விழுந்தன. அவள் ஒன்றில் மட்டும் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, எல்லாவற்றையும் மடித்து, காலி மை டப்பாவுக்குள் போட்டுக் குலுக்கினாள். சாப்பாட்டு நேரம் முழுக்க ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதும், திரும்பப் போடுவதும், குலுக்குவதுமாக இருந்தாள். முதல் பத்து தடவை வெள்ளை. இருபது தடவை வெள்ளை. நாற்பதாவது தடவையும் வெள்ளைதான். கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகம் தெளிந்தது. நூற்றுப் பன்னிரண்டு என்பது பெரிய கூட்டம், அதற்குள் ஒன்று எங்கே கிடைக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள். முந்தைய நாளிலிருந்து தொண்டையில் இறங்காத சாப்பாடு அன்று இறங்கியது.

அப்போதுதான் கட்டிங் அண்ணன் பல் குத்திக்கொண்டே வந்தார். "நான் ஒண்ணு எடுக்கலாமா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல் கையை விட்டு எடுத்துப் பிரித்தார்.

சிவப்புப் புள்ளி.

"ஆகா! எனக்கு விழுந்துடுச்சு!" மனிதருக்கு முகமெல்லாம் பல். "என் ஜென்மத்துல குலுக்கல்ல எதுவும் விழுந்ததில்ல தங்கச்சி. சொல்லு, என்ன பரிசு?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். அழுகை வந்தது, அதற்கு முன்னால் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டும் ஒன்றாக வந்ததில் புரையேறிப் போய், அவர் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. பரிசு பிறகு சொல்கிறேன் என்றாள். "மறந்துடாத" என்று சொல்லி அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டார். எதிலும் தோற்றுப்போனதாக அவருக்குத் தோன்றவில்லை. அதை வீட்டில் கணவனிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. "என்ன பரிசுன்னு கேட்டாரா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

புதன்கிழமை வேறொரு கூத்து நடந்தது. இயந்திரத்துக்கு உருளை மாற்றிய கணக்குப் புத்தகத்தை மெஷின்காரர் புரட்டிக்கொண்டிருந்தபோது, நான்கு மாதத்துக்கு முன்னால் பழைய உருளை வெடித்து மை கொட்டிய திங்கட்கிழமை எட்டாம் தேதி என்று எழுதியிருந்தது அவள் கண்ணில் பட்டது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் திங்கட்கிழமையன்றுதான் அவளுக்குக் கடைசியாக மாதவிலக்கு வந்தது. வயிற்று வலியோடு மை துடைத்த நாள், மறக்குமா? ஆனால் கிளினிக் படிவத்தில் அவள் எழுதிக் கொடுத்தது பதினான்கு. இரண்டாவது திங்கள் என்று ஞாபகம் வைத்துக்கொண்டு, வீட்டுச் சுவரைப் பார்த்து எழுதியிருக்கிறாள். அடுத்த வருடத்து இரண்டாவது திங்கள்!

ஆறு நாள் வித்தியாசம். கணக்கே தப்பு. குழந்தையின் வயதைத் தப்பாகக் கொடுத்தால் வருகிற விடையும் தப்பாகத்தானே இருக்கும்? ஊரார் பிழையையெல்லாம் திருத்துகிறவள் தன் பிழைக்காக இப்படிச் சந்தோஷப்பட்டது அன்றுதான். கணவனைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் ஏதோ ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியிலிருந்து, "அந்தக் காலண்டருக்கு ஒரு கும்பிடு போடணும்" என்று கத்தினான்.

வியாழக்கிழமை இருவரும் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு கிளினிக்குக்குப் போனார்கள். அவள் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். சிஸ்டர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நீங்க எழுதின தேதிய நாங்க கணக்குல சேர்க்கவே இல்லம்மா. பன்னெண்டாம் வாரம் ஸ்கேன் எடுத்தப்ப குழந்தையோட நீளம் அளந்தாங்கல்ல, அத வெச்சுதான் எல்லாம். நம்பர் அதேதான்."

"ஆறு நாள் தள்ளி எழுதியிருந்தும்கூடவா?"

"குழந்தை காலண்டர் பார்த்து வளரலம்மா" என்றார் சிஸ்டர். கிண்டலாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்குச் சப்பென்று போய்விட்டது. பேசிவிட்டு வருகிறோம் என்று சொல்லி இருவரும் வராந்தாவுக்கு வந்தார்கள்.

வராந்தா பெஞ்சில் ஒரு முனையில் ஏற்கெனவே ஒரு கர்ப்பிணி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வீங்கிய கால்களை நீட்டிக்கொண்டிருந்தாள். இவர்கள் மறு முனையில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் எழுந்து போய் அதை இறுக்கி மூடிவிட்டு வந்தான். பழுதான எதையும் அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"உன் இஷ்டம்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள் அவள். "எனக்கு அதக் கேட்டா அழுகையா வருது."

"சரி, சொல்லல."

"ஊசி போட்டுப் பார்க்கறோம். குறை இருக்குன்னு தெரிஞ்சுடுது. நீங்க என்ன பண்ணுவீங்க?"

அவன் விரல் இடுக்கில் இருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டே யோசித்தான். இது அவளுக்குப் பிடித்த விஷயம். கேட்டதற்கு வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆள் இல்லை.

"லீவு கொஞ்சம் அதிகமா கேட்பேன்" என்றான். "மொத வருஷம் டாக்டர்கிட்ட அடிக்கடி போக வேண்டியிருக்கும்ல. ஷிஃப்ட மாத்திக்கணும். எங்க சூப்பர்வைசர் மொகத்த தூக்கி வெச்சுக்குவான். வெச்சுக்கட்டும்."

"குறை இல்லன்னு தெரிஞ்சா?"

"அப்பவும் லீவு கேட்கணும்ல? ஒரு ரெண்டு வாரம் கம்மியா."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். நான்கு நாளாக அவள் தனியாகச் சுமந்துகொண்டிருப்பதாக நினைத்த விஷயத்தை இவன் சத்தமில்லாமல் விடுப்புக் கணக்கு வரைக்கும் கொண்டுபோயிருக்கிறான். கோபமாகவும் இருந்தது, அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. பெஞ்சின் மறு முனையில் ஆள் இருந்ததால் கோபத்தை மட்டும் காட்டினாள்.

"இத அன்னிக்கே சொல்றதுக்கென்ன? வாயில என்ன வெச்சிருந்தீங்க?"

"நீ கேட்கலையே."

மறு முனையில் இருந்தவள் தரையைப் பார்த்துச் சிரித்தது இவர்களுக்குத் தெரிந்தது.

உள்ளே போய், ஊசி வேண்டாம் என்றாள். எப்படி வந்தாலும் எங்களுக்கு வேண்டும், தெரிந்துகொள்வதற்காக இதைப் பணயம் வைக்க மாட்டேன் என்று சொன்னபோது குரல் லேசாக உடைந்தது, ஆனால் வார்த்தை தடுமாறவில்லை. சிஸ்டர் வற்புறுத்தவில்லை. இருபதாம் வாரம் விரிவான ஸ்கேன் இருக்கிறது, அதிலும் எல்லாம் தெரிந்துவிடும் என்று சொல்ல முடியாது, பரவாயில்லையா என்று கேட்டார். பரவாயில்லை என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. பயம் போய்விடவில்லை. ஆனால் இனிமேல் அதற்கும் வீட்டில் ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்க்கலாம் போலிருந்தது.

"இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, துடிப்பு கேட்டுட்டுப் போங்களேன்" என்றார் சிஸ்டர்.

அவள் கட்டிலில் படுத்துச் சட்டையை உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். வயிற்றில் தடவிய பசை சில்லென்று இருந்தது. சின்னக் கருவியை சிஸ்டர் அங்குமிங்கும் நகர்த்த, முதலில் வெறும் இரைச்சல்தான் வந்தது. பிறகு இரைச்சலுக்கு அடியிலிருந்து குடுகுடுவென்று அது கிளம்பி வந்து அறை முழுக்க நிறைந்தது. அப்படி ஒரு அவசரம் அதற்கு. அவளுக்குக் கண்ணீர் காதுக்குள் ஓடியது.

சிஸ்டர் கருவியின் முகப்பைப் பார்த்து, "நிமிஷத்துக்கு நூத்தி..." என்று ஆரம்பித்தார்.

"நம்பர் சொல்லாதீங்க சிஸ்டர்" என்றாள் அவள். "இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கறேன்."

சிஸ்டர் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டார். கட்டிலின் தலைமாட்டில் அவன் கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஓடுகிற மோட்டாருக்குக் காது கொடுப்பவனைப் போலக் குனிந்து நின்றிருந்தான். கிரீஸ் படிந்த அவன் ஆள்காட்டி விரல் கட்டில் கம்பியில் அந்தத் துடிப்போடு சேர்ந்து தட்டிப் பார்த்தது. கொஞ்ச தூரம் கூடவே போய், ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கி, நின்று, மறுபடியும் முதலிலிருந்து தட்ட ஆரம்பித்தது.