டேங்க் மூடி

மூன்றாவது தடவையும் வண்டி ஊர்க்கடைசித் தண்ணீர்த் தொட்டிவரை ஓடி, இருமி, நின்றது. வெற்றிச்செல்வி இறங்கிப் பந்தல்வரை தள்ளிக்கொண்டு வந்தாள்.

பந்தலுக்குள் அம்மாவைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள்.

"ஆத்தாளக் கட்டிக்கிட்டு அழாம மெஷினக் கட்டிக்கிட்டு நிக்கிறா பாரு" என்றாள் ராசாத்தி அத்தை, எண்ணெய் டின்னில் ஆணியால் ஓட்டை போட்டபடியே.

அப்பா இல்லாத வீட்டில் பெரியப்பா அய்யம்பெருமாள்தான் எல்லாம். "பன்னெண்டு வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல கடையில கோடிச் சீல வாங்கிப் போட்டுத் தூக்கிரலாம். மழ திரும்பப் புடிச்சா வெறகு எரியாதும்மா."

"'எந் தம்பி கோடி இல்லாம என்னத் தூக்காதீங்க'ன்னு அம்மா அது வாயால சொல்லியிருக்கு, பெரியப்பா."

"நான் வேணாங்கிறனா? போன ரெண்டு வண்டியும் திரும்பி வந்துருச்சே."

அம்மாவின் தம்பி இளையபெருமாள் மாமா இருப்பது நாலு கிலோமீட்டர் தள்ளி, சோளக்காட்டு நடுவில். ஐந்து நாள் மழையில் அங்கே கரண்ட் இல்லை. போன் அணைந்து கிடந்தது. நடந்து போய்த் திரும்ப நேரம் போதாது. மற்ற வண்டிகளுக்குக் கரிசல் களி மட்கார்டில் அடைத்துச் சக்கரம் சுற்றாமல் போய்விடும். இந்த வண்டியின் மட்கார்டு மட்டும் சக்கரத்துக்கு ஒரு சாண் மேலே. ஒரு காலத்தில் சேற்றுப் பந்தயம் ஓடிய டூ ஸ்ட்ரோக். பாடாலூரில் பழைய இரும்புக்குப் போக இருந்ததை அந்த மட்கார்டுக்காகவே அடிமாட்டு விலைக்கு வாங்கினாள். வந்த வாரத்திலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட முழுசாக ஓடவில்லை. பெரம்பலூர் சர்வீஸ் கடையில் நாலு வருஷம் வேலை பார்த்தவள், பிளக், காயில், கார்புரேட்டர் என்று வரிசையாக மாற்றியும் பலனில்லை.

மணி பத்தே கால்.

பிளக்கைக் கழற்றினாள். காய்ந்திருந்தது. அப்படியென்றால் பெட்ரோல் வரவில்லை. மூடியைத் திறந்து பார்த்தாள். டேங்க் நிறைய இருந்தது. மூடிவிட்டு டியூபைப் பிடுங்கித் தம்ளரில் விட்டாள். நன்றாகக் கொட்டியது. பிறகு மெலிந்தது, சொட்டியது, நின்றது.

"என்னாடி இது, எண்ண வரமாட்டேங்குது?" என்றாள் அத்தை, டின்னைக் கவிழ்த்தபடி.

"இன்னொரு ஓட்ட போடுத்தா. காத்து உள்ள போனாத்தான எண்ண வெளிய வரும்" என்றார் பெரியப்பா.

வெற்றிச்செல்வி தம்ளரைக் கீழே வைத்தாள். நின்றபோதெல்லாம் பெட்ரோல் இருக்கிறதா என்று அவளே மூடியைத் திறந்தாள். திறந்ததால்தான் வண்டி மறுபடி ஓடியது. சூடு ஆறி ஓடுகிறது என்று நாலு மாதம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மூடிமேல் இருந்த பிசுக்கை நகத்தால் சுரண்டினாள். காற்றுத் துளை இருக்கவேண்டிய இடத்தில் நீலச் சோப்பு. கெட்டிப்பட்ட சோப்பில் ஒரு பெருவிரல் ரேகை.

வாங்கிய புதிதில் வண்டி வீட்டுக்குள்தான் நின்றது. தலைமாட்டில் பெட்ரோல் நாற்றம் குடலைப் புரட்டுகிறது என்று அம்மா இரண்டு நாள் திட்டினாள். மூன்றாம் நாள், "இப்பப் பாரு, நாத்தமே இல்ல" என்றாள். ஒழுகும் வாளி, குடம் எல்லாவற்றையும் அவள் அடைத்தது இந்தச் சோப்பால்தான்.

துப்பட்டா ஊக்கைக் கழற்றி ரேகையின் ஓரத்தில் வைத்தாள். துளை நடுவில் இருந்தது. நடுவில் வைத்துக் குத்தினாள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. டியூபிலிருந்து பெட்ரோல் மறுபடி கொட்டியது.

பிளக்கையும் டியூபையும் மாட்டி உதைத்தாள். வண்டி தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியது. கரிசல் வந்தது. களி முழங்கால்வரை தெறித்தது, வண்டி நிற்கவில்லை.

கொட்டகை வாசலில் தேங்கிய நீரை வெட்டிவிட்டுக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்து மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"அக்காவா?"

"விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னுச்சு மாமா. அவ்வளவுதான்."

உள்ளே போய்ச் சேலை இருந்த ஒரு கவரை எடுத்து வந்தார். "பொங்கலுக்குக் குடுக்க எடுத்தது. அரக்குக் கலரு." சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

"ஏறுங்க மாமா."

பாதிக் காட்டில் மாமாவின் நெற்றி அவள் முதுகில் முட்டியது. உடம்பு குலுங்கியது. இன்ஜின் சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை.

தார்ரோடு ஏறியபோது பதினொன்றரை. தூரத்தில் பந்தல் தெரிந்தது. முதுகில் மாமா இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது கியர் போடலாம், சத்தம் குறையும். அவள் இரண்டாவதிலேயே முறுக்கிக்கொண்டு போனாள்.