இரண்டு மணி வரை நிற்கும் ரோஜா

எங்கள் வீட்டில் வெயிலை அளக்க ஒரு ரோஜா போதும். வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, பையில் நிரப்பி, என் மனைவி கேக்கின் மேல் பிழிந்து வைக்கும் கிரீம் ரோஜா. காலை எட்டு மணிக்கு இதழ் விரித்து நிற்கும். பத்தரைக்குத் தலை சாய்க்கும். பதினோரு மணிக்குப் பார்த்தால் தட்டில் வெறும் வழுக்கல்தான்.

குற்றவாளி தலைக்கு மேலேயே இருந்தது: துருவேறிக் கறுத்துப்போன தகரக் கூரை. கூரை போடுவதுதான் என் தொழில். ஊரில் பாதிப் பேரின் தலைக்கு நிழல் கொடுத்தவன், என் வீட்டுக் கூரையை மட்டும் 'அடுத்த வாரம், அடுத்த வாரம்' என்று ஆறு வருடம் ஓட்டிவிட்டேன். ஏசி வைக்கலாமே என்பார்கள். அந்தத் தகரத்துக்கு அடியில் வைத்தால் ஏசிக்கே மூச்சு வாங்கும்.

ஒரு திங்கட்கிழமை மனைவி மாவுக் கையோடு எதிரே வந்து நின்றாள்.

“பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு மூணு அடுக்கு கேக் கேட்டிருக்காங்க. சனிக்கிழமை ரெண்டு மணிக்கு டீச்சரே வந்து எடுத்துக்குவாங்க. நல்லா அமைஞ்சா வருஷம் முழுக்க எனக்குத்தான் ஆர்டர்.”

“நல்லதுதானே!”

“மூணு அடுக்கை பத்து மணிக்குள்ள முடிக்க முடியாது. ரெண்டு மணி வரைக்கும் கிரீம் நிக்கணும். இதுவும் சரிஞ்சதுன்னா, என்னை வேலைக்குக் கூப்பிட்டுட்டே இருக்கற பேக்கரிக்கே போயிடறேன். காலையில ஆறு மணிக்குப் போனா ராத்திரி எட்டு. அப்புறம் நீங்களும் உங்க தகரமும் குடும்பம் நடத்துங்க.”

மறுநாளே வெள்ளைப் பூச்சுப் பூசிய புதுத் தகரங்கள் வாசலில் வந்து இறங்கின.

“எதுக்கு வெள்ளை? பளபளன்னு வெறும் தகரமா போட்டாலே வெயில் திரும்பிப் போயிடாதா?” என்று கேட்டாள்.

இப்படி யாராவது கேட்டுவிட்டால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

“நிறையத் திரும்பிப் போகும். ஆனா உள்ள வாங்கின கொஞ்சம் சூட்டை லேசுல விடாது. சரியான கஞ்சன். எவர்சில்வர் கரண்டியை வெயில்ல போட்டுட்டு ஒரு மணி நேரம் கழிச்சுத் தொட்டுப் பாரு, தெரியும். வெள்ளைப் பூச்சு வெயிலையும் திருப்பி அனுப்பும், வாங்கின சூட்டையும் வானத்துக்கே விட்டுடும்.”

பழைய கூரையை நான் பிரிக்கவில்லை. அதன் மேல் நான்கு விரல் உயரத்துக்குச் சட்டங்கள் அடித்து, காற்று ஓட வழி விட்டு, புதுத் தகரத்தை ஏற்றினேன். கூரையின் கீழ் ஓரம் முழுக்கத் திறப்பு. மேலே முகட்டில், மூடிக்கு அடியிலும் திறப்பு. சூடான காற்று லேசாகிவிடும்; சரிவில் ஏறி முகட்டு வழியாக வெளியேறும். அது போன இடத்துக்குக் கீழிருந்து புதுக் காற்று தானாக நுழையும். விசிறியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். வெயில் ஏற ஏறக் காற்றும் வேகமாக ஓடும். வெயிலை விரட்ட வெயிலையே வேலைக்கு வைப்பது மாதிரி.

புதன்கிழமை வேலை முடிந்தது. வியாழக்கிழமை நான் வேறொரு வீட்டுக்குக் கூரை போடப் போய்விட்டேன். வாசல் சுவரில் இருந்த விரிசலைப் பூச என் மச்சானை, மனைவியின் அண்ணனை, வரச் சொல்லியிருந்தேன். அவர் கொத்தனார். அவர் பூசிய சுவரில் முகம் பார்த்துத் தலை வாரலாம். ஒரே ஒரு குணம்: எங்கே ஓட்டையைக் கண்டாலும் கை அரிக்கும்.

வெள்ளிக்கிழமை காலை மனைவி ஒரு ரோஜாவைப் பிழிந்து தட்டில் வைத்தாள். பத்தரை ஆயிற்று, நின்றது. பதினொன்றுக்கும் நின்றது. நான் மீசையைத் தடவிக்கொண்டேன். பன்னிரண்டுக்கு ரோஜா மெதுவாகத் தலை சாய்த்தது.

மனைவி திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “பேக்கரிக்காரருக்குப் போன் பண்ணட்டுமா?” என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளைப் பூச்சு தன் பங்கைச் செய்துவிட்டது. காற்று எங்கே போனது? ஏணியைச் சாத்தி ஏறி, ஒரு காகிதத்தைச் சுருட்டிக் கொளுத்தி அணைத்து, கூரை ஓரத்தில் பிடித்தேன். புகை உள்ளே போயிருக்க வேண்டும். என் மூக்குக்குத்தான் வந்தது. கையால் தடவினேன். சிமெண்ட்! இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, வழவழவென்று.

போன் செய்ததும் மச்சான் பெருமையோடு வந்து சேர்ந்தார்.

“பாத்தீங்களா மாப்ளே? அவசரத்துல சுத்திலும் ஓட்டையா விட்டுட்டுப் போயிட்டீங்க. ரெண்டு பக்கமும் அடைச்சுட்டேன். இனி ஒரு எறும்பு நுழையட்டும் பாப்போம்!”

“எறும்பு நுழையலை மச்சான். காத்தும் நுழையலை.”

“அண்ணே!” என்றாள் மனைவி. “கூரையோட மூக்கை அடைச்சு வெச்சிருக்கீங்க!”

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. ஆனால் உளியை என்னிடம் தரவில்லை. “நான் பூசினதை நான்தான் உடைப்பேன்” என்று ஏணியில் ஏறினார். ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு பெருமூச்சு. பொழுது சாய்வதற்குள் இரண்டு ஓரங்களும் திறந்துவிட்டன. எலி வராமல் இருக்கக் கம்பி வலை அடித்தோம். மறுபடி காகிதத்தைக் கொளுத்திப் பிடித்தேன். புகை வளைந்து வலைக்குள் புகுந்தது. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த மனைவி, “வருது! முகட்டுல வருதுங்க!” என்று குதித்தாள்.

ஆனால் புகை வேறு, உச்சி வெயில் வேறு. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நாங்கள் மூவரும் மேல் அடுக்கில் இருந்த ரோஜாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். நின்றது. ஒரு மணிக்கும் நின்றது, அப்போதுதான் பிழிந்த திமிரோடு. மனைவி அதைப் பார்ப்பதை விட்டுவிட்டு வாய்க்குள் பாடிக்கொண்டே அடுத்தடுத்துப் பிழிய ஆரம்பித்தாள்.

ஒன்றரை மணி. கீழ் அடுக்கின் பக்கங்களை இன்னும் கிரீம் பூசிச் சமன் செய்யவில்லை. காலையிலிருந்து பிழிந்ததில் அவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது. மச்சான் விரல்களைப் பிசைந்துகொண்டு குனிந்து பார்த்தார்.

“தங்கச்சி, இங்க ஒரு ஓட்டை இருக்கு.”

“இருக்கு.”

“இங்க இன்னொண்ணு.”

அவள் கிரீம் பூசும் நீளக் கத்தியை அவர் கையில் திணித்தாள். “கை அரிச்சா இங்க அடைங்க!”

மச்சான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். ஒரே இழுப்பு. கேக்கைச் சுழற்றி இன்னொரு இழுப்பு. பத்து நிமிடத்தில் அந்தக் கேக்கிலும் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்று ஆகிவிட்டது.

சரியாக இரண்டு மணிக்கு டீச்சர் வந்தார். ரோஜாக்களைப் பார்த்துச் சிரித்தவர், பக்கவாட்டைப் பார்த்து நின்றுவிட்டார். “இவ்வளவு வழவழன்னு யாரு பூசினது? அடுத்த மாசக் கேக்கும் இப்படியே வேணும்.”

கேக் வண்டியேறியதும் மனைவி திரும்பினாள். “அண்ணே, அடுத்த மாசம் எந்த சனிக்கிழமை உங்களுக்கு வேலை இல்லை?”

மச்சான் கத்தியில் ஒட்டியிருந்த கிரீமை வழித்து வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

“முப்பது வருஷமா பூசறேன் மாப்ளே,” என்றார் என்னிடம். “பூசின கரண்டியை நக்க முடிஞ்சது இன்னிக்குத்தான்.”