பின்னிருக்கையில் அண்ணி

அண்ணனுக்கும் அண்ணிக்கும் விவாகரத்து ஆன வாரத்திலும் காலைப் பயிற்சி இருந்தது. அண்ணி வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் தங்கை படகுக் கொட்டகைக்குப் போனாள். அண்ணி அவளுக்கு முன்பே வந்து, விரல்களில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வா டிரைவர், தூக்கலாம்," என்றாள்.

தங்கை நகரப் பேருந்து ஓட்டுபவள். படகிலும் முன்னிருக்கை அவளுடையதுதான். அந்தக் கயாக் படகு ஒரு பேருந்தின் பாதி நீளம் இருக்கும், அகலமோ இடுப்பு நுழையும் அளவுதான். முன்னால் இருப்பவள் காலால் சுக்கானைத் திருப்பி, கையால் வேகத்தை முடிவு செய்ய வேண்டும். பின்னால் இருப்பவள் அந்த முதுகைப் பார்த்து, அதே நொடியில் அதே பக்கம் துடுப்பை இறக்க வேண்டும். ஒரு கை பிந்தினாலும் படகு நொண்டும்.

அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில் இருவருக்கும் சமையலறையில் ஆகவே ஆகாது. ஒருத்தி வைத்த பாத்திரத்தை இன்னொருத்தி இடம் மாற்றுவாள். அப்போது தங்கையின் பழைய படகு ஜோடி வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அண்ணன் விளையாட்டாகச் சொன்னான்: "வீட்லதான் ஒத்துப்போகல, தண்ணியில போட்டுப் பார்ப்போம். ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியும், எனக்கென்ன கவலை?"

ஆரம்பத்தில் கவிழ்ந்துகொண்டே இருந்தார்கள். எப்போது ஒட்டிக்கொண்டது என்று இருவருக்குமே தெரியாது. ஐந்நூறு மீட்டர் ஓட்டத்தில் பரிசு மேடை ஏறத் தொடங்கினார்கள். வீட்டிலும் பாத்திரங்கள் வைத்த இடத்தில் இருந்தன.

பிறகு அண்ணனுக்குத் தூரத்து நகரம் ஒன்றில் வேலை உயர்வு வந்தது. வாராவாரம் வந்தவன் மாதத்துக்கு ஒருமுறை வந்தான். அப்புறம் போனில் மட்டும் பேசினான். கடைசியில், நமக்குள்ள இது சரிப்பட்டு வரல என்று அதையும் போனிலேயே சொன்னான். அண்ணி, தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலேயே ஓர் அறை பிடித்துப் போனாள்.

"இன்னுமா அவகூட படகு ஓட்டப் போற?" என்று அம்மா கேட்டாள். "பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"பார்க்கிறவங்க கரையில நிக்கிறாங்கம்மா. நாங்க தண்ணியில இருக்கோம்," என்றாள் தங்கை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விவாகரத்து ஆன வாரத்தின் அந்தக் காலையில் ஏரியின் நடுவே போனபோது படகு லேசாக நடுங்கியது. காற்று இல்லை. அலை இல்லை. தங்கை தாளத்தைக் குறைத்துப் பார்த்தாள். நடுக்கம் போகவில்லை. அப்புறம்தான் விளங்கியது, பின்னால் அண்ணி அழுகிறாள். சத்தமே இல்லை. துடுப்பு மட்டும் தவறாமல் இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் படகு கவிழும். தங்கை திரும்பவில்லை. கரை வரும்வரை நேராக ஓட்டினாள்.

அதற்குப் பிறகு அண்ணியின் கை பிந்த ஆரம்பித்தது. பயிற்சியாளரம்மா கழுத்தில் விசில் தொங்க, மோட்டார் படகில் கூடவே வந்து பார்த்தாள். ஒரு நாள் படகைத் தாங்கியில் ஏற்றிவிட்டுத் தங்கை திரும்பியபோது கூப்பிட்டாள்.

"நாளையிலேர்ந்து பின்னாடி நர்ஸ் உட்காரட்டும். தகுதிப் போட்டி நெருங்குது."

நர்ஸ் என்பவள் புதிதாகச் சேர்ந்தவள், பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. தோள் இரண்டும் கதவு மாதிரி இருக்கும்.

"அண்ணிகிட்ட யார் சொல்றது?"

"அவங்கதான் வந்து என்கிட்ட சொன்னாங்க. என்னை மாத்திடுங்கன்னு."

தங்கைக்குச் சுருக்கென்றது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற கோபத்தோடேயே மறுநாள் நர்ஸை ஏற்றிக்கொண்டு போனாள். படகு நன்றாகப் போகக்கூடாது என்று உள்ளுக்குள் ஒரு ஆசை. ஆனால் வழுக்கிக்கொண்டு போனது. அவ்வளவு வேகம் அண்ணியோடு ஒருநாளும் கண்டதில்லை. கரையில் பயிற்சியாளரம்மா தலையாட்டினாள்.

அன்று மாலை பேருந்தை டிப்போவில் விட்டுவிட்டு, சீருடையோடேயே அண்ணியின் அறைக்குப் போனாள். அண்ணி தனியாகப் போனபின் அவள் அங்கே போவது அதுதான் முதல் தடவை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஜன்னலில் காயப்போட்ட பயிற்சி உடை. நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அண்ணி அதைத் தள்ளிப்போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"டீ போடவா?"

"வேண்டாம். ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ விடமாட்ட."

"கை பிந்துதுன்னா சரி பண்ணிக்கலாம் அண்ணி. நான் தாளத்தைக் குறைச்சிருப்பேன்ல?"

அண்ணி இல்லையென்று தலையசைத்தாள். "உனக்குத் தெரியாது. நீ முன்னாடி உட்கார்ந்திருக்க. உனக்குத் தண்ணி தெரியும். எனக்கு உன் முதுகுதான் தெரியும்."

"அதுக்கென்ன?"

"அது அவரோட முதுகு. அதே தோள். கழுத்துக்குக் கீழ அதே மாதிரி ஒரு மச்சம்கூட இருக்கு. முன்னெல்லாம் அது எனக்கு ஆசையா இருந்துச்சு. இப்ப தினம் காலையில ஒருத்தர் எனக்கு முதுகு காட்டிட்டுப் போற மாதிரி இருக்கு. நானும் விடாம பின்னாடியே துடுப்பு போட்டுட்டுப் போறேன்."

தங்கை தன்னை அறியாமல் கையைப் பின்னங்கழுத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே மச்சம் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல," என்றாள் அண்ணி.

"வருத்தம் இருந்தாக்கூட பரவாயில்ல," என்றாள் தங்கை. குரல் உடைந்தது. "வீட்டை விட்டும் போயிட்டீங்க. இப்ப படகும் இல்லன்னா, நாம ரெண்டு பேரும் யாரு? ரோட்டுல பார்த்தா என்னன்னு கூப்பிடறது உங்கள?"

"இப்ப என்னன்னு கூப்பிட்ட?"

"அண்ணின்னு."

"அதையே கூப்பிடு. கையெழுத்து போட்டது நானும் அவரும். உன்னைப் பத்தி அங்க யாரும் ஒண்ணும் கேக்கல."

தங்கை முகத்தைச் சீருடைக் கையில் துடைத்தாள். அண்ணி எழுந்து, கேட்காமலேயே டீ வைத்தாள். குடித்து முடிக்கும் நேரத்தில்தான் மெதுவாகச் சொன்னாள், ஒற்றைப் படகில் போகலாமா என்று யோசிப்பதாக. அதில் யாருக்கும் பின்னால் உட்கார வேண்டியதில்லை.

"சுக்கான் பிடிக்கத் தெரியாதே உங்களுக்கு," என்றாள் தங்கை.

"பஸ் டிரைவர் இல்லாம ஊர்ல யாரும் வண்டியே ஓட்டறதில்லையா?"

தகுதிப் போட்டியன்று வெயில் காய்ந்தது. தங்கையும் நர்ஸும் இரண்டாவதாக வந்து தேர்வானார்கள். அம்மா கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். மகள் வந்து பக்கத்தில் நின்றதும் துண்டை நீட்டினாள். எழுந்து கிளம்பவில்லை.

பெண்கள் ஒற்றையர் ஓட்டம் தொடங்கியது. மிதவைகளால் பிரித்த தடங்களில் படகுகள் சீறின. ஒரு படகு மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தது, மிதவையை உரசப் போய், நேரானது. மறுபடி இழுத்தது, மறுபடி நேரானது. முன்னால் போனவர்களை அது பிடிக்கப்போவதில்லை. ஆனால் கடைசி நூறு மீட்டரில் பக்கத்துத் தடத்துக்காரியை அங்குலம் அங்குலமாகத் தாண்டியது.

"யாரது, கோணல்மாணலா போனாலும் விடாம வர்றது?" என்று அம்மா கேட்டாள்.

"அண்ணி."

அம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். படகு கோட்டைத் தாண்டி, வேகம் அடங்கி, படகுத்துறைப் பக்கம் திரும்பியது.

"இறங்கும்போது படகைப் பிடிக்க ஆள் வேணும்ல?" என்றாள் அம்மா.

"வேணும்."

"அப்ப இங்க நின்னு என்ன பண்ற?"

தங்கை ஓடினாள். துறையின் ஓரத்தில் மண்டியிட்டுப் படகைப் பிடித்துக்கொண்டாள். அண்ணிக்குப் பேச மூச்சில்லை. முகம் முழுக்கத் தண்ணீர். அது ஏரித்தண்ணீரா வேறா என்று தங்கை கேட்கவில்லை.

"ஏழாவது," என்றாள் அண்ணி கடைசியில்.

"எட்டாவது ஒருத்தி இருக்கா. பார்த்தேன்."

அண்ணி சிரித்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள். இருவரும் படகைத் தூக்கித் திரும்பினால், அம்மா எதிரில் நின்றிருந்தாள். அண்ணி தயங்கி நின்றுவிட்டாள். அம்மா மெல்லக் குனிந்து, தரையில் கிடந்த துடுப்பை எடுத்தாள். அது இவ்வளவு நீளம் என்று எதிர்பார்க்கவில்லை போல. ஒரு முனை அவள் செருப்பில் தண்ணீர் வடித்தது, மறுமுனை வழியில் வந்த நடுவரின் தொப்பியைத் தட்டியது.

"குறுக்கப் பிடிக்காதீங்க அத்தை, நேரா பிடிங்க," என்றாள் அண்ணி.

அம்மா நேராகப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.