கேட்டைப் பூட்டிய பிறகு நடக்கும் கூட்டம்

1

கண்ணுகளா, இந்தக் கதை என்னுடையதல்ல. பேருந்தில் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். "கேட்டைப் பூட்டின பிறகுதானேடி ஓட்டெடுப்பே நடக்குது" என்றாள் ஒருத்தி. அடுத்த நிறுத்தத்தில் அவர்கள் இறங்கிவிட்டார்கள். அந்தப் பேச்சு இறங்கவில்லை. என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. மீதியெல்லாம் நான் கட்டியது.

2

முதல் தொடக்கம்: அவள் கண்களில் புரட்சித் தீயின் பொறி...

(வேண்டாம். கண்ணில் பொறி விழுந்தால் தண்ணீர் விட்டுக் கழுவவேண்டும். கதை எழுதக் கூடாது.)

இரண்டாவது தொடக்கம்: கட்டண உயர்வை எதிர்த்து மாணவர்கள் கல்லூரி வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒல்லி உடம்புக்கும் கூரான வாய்க்குமாக 'ஊசி' என்று பெயர் வாங்கியிருந்தவள், காலையில் விடுதியிலிருந்து வந்ததும் பதாகையைப் பார்த்தாள். அவளே எழுதியது. 'கட்டணத்தைக் குறை' அப்படியே இருந்தது. அடுத்த வரி, 'பெண்கள் விடுதியை ஆறு மணிக்குப் பூட்டாதே', வெள்ளைச் சாயத்துக்கு அடியில் போயிருந்தது.

இதுவே இருக்கட்டும்.

3

"யாரு அழிச்சது?"

"நேத்து கூட்டத்துல முடிவாச்சு" என்றான், எல்லோரும் தலைவர் என்று கூப்பிடும் இறுதியாண்டு மாணவன். "நாளைக்கு பிரின்சிபாலைப் பாக்கப் போறோம். ஒரே கோரிக்கையா போனாதான் மனுஷன் இறங்கி வருவாரு. உங்களுது அடுத்த கட்டம்மா."

"கூட்டம் எத்தனை மணிக்கு?"

"ஏழு."

"ஆறு மணிக்கு எங்களைப் பூட்டிட்டாங்க. ஏழு மணிக்கு எங்க பூட்டைப் பத்தி நீங்க பேசியிருக்கீங்க."

"பொண்ணுங்க யாருமே எதிர்த்துப் பேசலையே."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது.

தினமும் பெண்கள் போட்டுத் தரும் டீயைக் காணாமல் பின்னால் யாரோ, "இன்னிக்கு டீ இல்லையா?" என்றார்கள்.

"அது அடுத்த கட்டம்ணா" என்றாள் ஊசியின் அறைத்தோழி.

(முதலில் இவனைக் கெட்டவனாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிறவன். நிழலைப் பிறருக்கு விட்டு வெயிலில் உட்காருகிறவன். கெட்டவனாக இருந்திருந்தால் ஊசிக்கு வேலை சுலபம்.)

4

அன்று சாயங்காலம் பெண்கள் யாரும் விடுதிக்குள் போகவில்லை. கேட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்தார்கள். வார்டன் அம்மா பூட்டும் கையுமாக வந்தார்.

"உள்ள வாங்கடி. வீட்டுக்கு போன் போடவா?"

"எங்க அப்பாகிட்ட நானே சொல்லிட்டேன் மேடம்" என்றாள் ஊசி.

"என்ன சொன்னாரு?"

"புகார் வந்தா படிப்பை நிறுத்திருவேன்னாரு."

வார்டன் அம்மா போனை எடுக்கவில்லை.

ஏழு மணிக் கூட்டத்தை இங்கே வையுங்கள் என்று ஊசி சொல்லி அனுப்பியிருந்தாள். தெருமுனையில் பேச்சுக்குரல். தலைவர் முன்னால் வந்தான். பின்னால் பையன்கள், செருப்பைத் தேய்த்துக்கொண்டு. அவன் ஒலிபெருக்கியை அவளிடம் நீட்டினான்.

"இது எதுக்கு? எல்லாரும் பக்கத்துலதானே இருக்கோம். உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். அழித்த வரியை அவள் வாயால் ஒருமுறை சொன்னாள். "வேணும்ங்கிறவங்க கையைத் தூக்குங்க."

5

முடிவு ஒன்று: எல்லாக் கைகளும்... (ஆசைப்படுகிறேன். ஆசை ஓட்டாகாது.)

முடிவு இரண்டு: நாலைந்து கைகள் குறைந்து... (எழுத வரும். மனசு வரவில்லை.)

நிறுத்திக்கொள்கிறேன், கண்ணுகளா. உங்களைக் கேட்காமல் நானே முடித்துவிட்டால், தலைவர் நடத்திய கூட்டத்துக்கும் என் கதைக்கும் என்ன வித்தியாசம்? அவள் கேட்டுவிட்டாள். அறைத்தோழியின் கை ஏறிவிட்டது. தலைவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நீங்களும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.