காஜாத் தையலில் ஒரு கழுத்து

என் வீட்டுக்காரர் கத்தரி வைத்தால் தப்பு வராது என்று தெருவே சொல்லும். நானும் அப்படித்தான் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன், அன்றைக்குக் காலை வரை.

துணியை இரண்டாக மடித்து மேசையில் போட்டால், கழுத்து அகலத்தில் பாதியைத்தான் குறிக்க வேண்டும். விரித்தால் அது முழுசாகிவிடும். தையல் படிக்க வருகிற யாருக்கும் முதல் நாளே சொல்லித்தருகிற சங்கதி இது. இந்த மகராசன் மடித்த துணியில் முழு அகலத்தையும் குறித்து, நறுக்கென்று வெட்டிவிட்டார். விரித்துப் பார்த்தால் கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாசல் இருந்தது. தலையோடு தோளும் சேர்ந்து உள்ளே போகும்.

"நீ பேசிக்கிட்டே இருந்தே," என்றார்.

"நான் என்னிக்குப் பேசாம இருந்தேன்?" என்றேன்.

வேறு யாருடைய துணியாக இருந்தாலும் சமாளித்திருப்போம். அது என் அக்காவுடையது. அக்கா சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள். தொண்டையில் கட்டி என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முந்தின நாள் யாரிடமும் சொல்லாமல் கடைக்குப் போய், கத்தரிப்பூ நிறத்தில் இந்தத் துணியை வாங்கி வந்து என் கையில் திணித்தாள். "திரும்பி வந்தா நான் தைச்சுப் போட்டுக்குறேன். வரலைன்னா நீ போட்டுக்கோ," என்றாள். அன்றைக்கு நான் அவளைத் திட்டிய திட்டுக்கு அளவே இல்லை. பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

திரும்பி வந்துவிட்டாள். பயப்பட எதுவும் இல்லை என்றும் டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் கழுத்தின் அடியில் குறுக்காக ஒரு தழும்பு. அதை மறைக்க ஏறிய ஸ்கார்ஃப் அப்புறம் இறங்கவே இல்லை. வெயில் கொளுத்தினாலும் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கண்ணாடிப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள். வருகிற திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் திரும்பச் சேராவிட்டால் அவள் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

"காலர் வச்சுக் கழுத்து முழுக்க மூடித் தைச்சுக் குடு," என்று கேட்டிருந்தாள். "மெஷின் தையல் உறுத்தும், கையாலயே தைச்சிடு. அதைப் போட்டுக்கிட்டுதான் போவேன். ஸ்கார்ஃப் நழுவிச்சுன்னா பிள்ளைங்க என் மூஞ்சியைப் பாக்காது, இதைத்தான் பாக்கும். மூடலைன்னா நான் வேலைக்கே போகலை."

இப்போது மூடுவதற்குத் துணி இல்லை. மிச்சம் இருந்தது காலருக்குத்தான் காணும், இவ்வளவு பெரிய ஓட்டையை அடைக்கக் காணாது. வாங்கின கடையில் அந்த நிறம் தீர்ந்துவிட்டதாம். அக்காவை வரவழைத்து விஷயத்தைச் சொன்னேன். அவள் கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்து துணியை ஒருமுறை தடவினாள்.

"விடு. எனக்குக் கொடுத்து வைக்கலை," என்றாள்.

அந்தத் துணியை மட்டும் அவள் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் என் நாத்தனார் எழுந்து வந்தாள். எங்கள் கடையில் கையால் காஜா போடுகிறவள் அவள்தான். பொத்தான் துளையின் ஓரம் பிரியாமல் இருக்க, தையலுக்கு ஒரு முடிச்சாக நெருக்கிப் போட்டுக்கொண்டே போகிற வேலை. நான் அவளுக்கு வைத்த பெயர் ஆமை. ஒரு சட்டையை அவளிடம் கொடுத்துவிட்டு நான் சமைத்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு வரலாம். முகத்துக்கு நேராகத்தான் கூப்பிடுவேன். அவளும் "என்ன அண்ணி?" என்று வந்து நிற்பாள்.

துணியைத் தூக்கி, அந்த ஓட்டை வழியாக எங்களை ஒரு பார்வை பார்த்தாள்.

"அண்ணி, இதை நூலாலேயே அடைச்சிடலாம்."

"எப்படி, ஒட்டடை மாதிரியா?"

"ஆமா," என்றாள், கொஞ்சமும் கோபப்படாமல். "அக்கா, அந்த ஸ்கார்ஃபைக் கழட்டினீங்கன்னா அளவு எடுத்துப்பேன்."

என் வீட்டுக்காரருக்குத் திடீரென்று நூல் வாங்கப் போகிற வேலை ஞாபகம் வந்து வெளியே போய்விட்டார். அக்கா மெதுவாகக் கழற்றினாள். உண்மையைச் சொல்கிறேன், என்னால் பார்க்க முடியவில்லை. ஊசி டப்பாவைத் திறந்து, இருக்கிற ஊசிகளையெல்லாம் அடுக்கினேன். நாத்தனார் மட்டும் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, அடுத்த கடைக்காரர் தைத்த துணியைச் சோதிப்பதுபோல் அக்காவின் கழுத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். அளவு எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதை யாரு தைச்சது, அக்கா?"

"எது?"

"இதுதான். எங்கயும் சுருக்கு விழலை. ரெண்டு ஓரமும் ஏறி இறங்காம சேர்ந்திருக்கு." அவள் குரல் தாழ்ந்துவிட்டது. "துணின்னா மேசைமேல சும்மா கிடக்கும். இது மூச்சு விட்டுக்கிட்டே இருந்திருக்கும், அசைஞ்சிருக்கும். அதுல போய் இவ்வளவு நேர்த்தியா… என்னால ஆகாதுக்கா. இதையா மறைக்கச் சொல்றீங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பேசுகிற பேச்சா இது? வாயைத் திறப்பதற்குள் அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"அந்தக் கண்ணாடியைக் கொண்டா," என்றாள்.

துணி போட்டுப் பார்க்கிற பெரிய கண்ணாடியை நகர்த்தி வைத்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக அக்கா தன் தழும்பைப் பார்த்தாள். மோவாயைத் தூக்கி, இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் திரும்பி. விரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தொட்டுக்கொண்டு போனாள்.

"நல்லாத்தான் தைச்சிருக்காங்க," என்றாள் கடைசியில். ஏதோ அவளுக்கு வர வேண்டிய பதில் வந்துவிட்ட மாதிரி இருந்தது அந்தக் குரல்.

"நீங்க சரின்னா என் நூல் இதுக்குக் கீழேயே நின்னுடும்," என்றாள் நாத்தனார்.

"நீ தை. போட்டுப் பாத்துட்டுதான் போறதா வேண்டாமான்னு சொல்வேன்."

அன்றிலிருந்து ஜன்னலோரம் நாத்தனாரின் இடமாகிவிட்டது. ஓட்டையின் ஓரத்தைச் சுருட்டி மடித்துத் தைத்து, கெட்டியான காக்கிக் காகிதத்தின்மேல் துணியை விரித்து, பிறகு வெட்டிவிடுகிற மாதிரி நூலால் தொடுத்துக்கொண்டாள். காகிதத்தில் பென்சிலால் ஒரு வளைவு. அக்காவின் தழும்பு எப்படி வளைகிறதோ அதே வளைவு. அந்தக் கோட்டின்மேல் இரட்டை நூலை ஓட்டினாள். துணி ஓரத்திலிருந்து அந்த நூலுக்கு, அங்கிருந்து திரும்ப இங்கே என்று வெறும் நூல்களைக் கட்டினாள். பிறகு அவற்றின்மேல் காஜா. பொத்தான் துளைக்குப் போடுகிற அதே முடிச்சு, இந்தத் தடவை அடியில் துணியே கிடையாது. நூலைப் பிடித்து நூல் நின்றது. முதல் வரிசையின் கண்ணிகளில் இரண்டாவது வரிசை தொங்கியது. சில இடத்தில் நெருக்கினாள், சில இடத்தில் விட்டுப் பிடித்தாள். பார்த்தால் இலை மாதிரி ஒன்று வந்திருக்கும். எப்போது வந்தது என்று தெரியாது.

நான் பார்க்கவில்லை என்று பாவனை செய்துகொண்டு பார்த்தேன். என் மெஷின் ஓடவே இல்லை. இந்த விரல்களுக்கா நான் ஆமை என்று பெயர் வைத்தேன்? வேகமாக அடிக்கிற எனக்கு ஆயுசு முழுக்கக் கொடுத்தாலும் அதில் ஒரு இலை வராது. என் வாய் தானாகவே மூடிக்கொண்டிருந்ததை என் வீட்டுக்காரர் கவனித்துவிட்டு, "உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் முடித்தாள். பின்கழுத்தில் ஒரு திறப்பு, ஒரு பொத்தான். துணிக்கும் காகிதத்துக்கும் நடுவே கத்தரியின் நுனியை விட்டுத் தொடுத்த நூல்களை ஒவ்வொன்றாக வெட்டினாள். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். காகிதம் கழன்று மேசையில் விழுந்தது. கழுத்து விழவில்லை. எதன்மேலும் ஒட்டாமல் அந்தரத்தில், கத்தரிப்பூ நிறத்தில், அப்படியே நின்றது. என் வீட்டுக்காரர் தன்னை அறியாமல் ஒரு அடி பின்னால் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

"இனிமே எல்லாத்தையும் முழு அளவுலயே வெட்டிடவா?" என்றார் அவர், கொஞ்சம் தெம்பு வந்து.

"வெட்டித்தான் பாருங்களேன்," என்றேன்.

சாயங்காலம் அக்கா வந்து வாங்கிக்கொண்டு போனாள். இங்கே போட்டுப் பார்க்கவில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலை கடையைத் திறந்துகொண்டிருந்தேன். தெருமுனையில் அக்கா வருகிறாள். புதுச் சட்டை. தோளிலிருந்து நூல் இலைகள் ஏறி வந்து தழும்புக்குக் கீழே சரியாக நிற்கின்றன. எல்லாம் அதைப் பார்க்க வந்து நின்ற மாதிரி. பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். எதிரே வந்த பால்காரர் ஒரு நிமிடம் அவள் கழுத்தைப் பார்த்தார். அவள் மூடவில்லை.

பைக்குள் கைவிட்டு அந்த ஸ்கார்ஃபை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இந்தா, மெஷின் துடைக்க வச்சுக்கோ. மணி அடிச்சிடும், வர்றேன்."

எண்ணெய்க் கறை ஏறி அது என்ன நிறம் என்றே இப்போது தெரியவில்லை. நல்ல பருத்தி, நன்றாகத் துடைக்கிறது.