சூட்டோடு சூடாக

மருமகளுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. கோழிக் கொட்டகைத் தரையிலிருந்து மறுபடியும் ஒரு பிடி உமியை அள்ளிக் கையில் இறுக்கினாள். உதிர வேண்டிய உமி ஈரத்தில் உருண்டையாக நின்றது. எச்சமெல்லாம் பசை. கோழிகளின் பாதத்தில் புண் வேறு தொடங்கியிருந்தது.

மக்காச்சோளம் கிடைக்காமல் திண்டாடியபோது, கோதுமைக்கு மாறலாம் என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவள்தான். கோதுமைப் பசை குடலில் தீவனத்தைச் செரிக்க விடாது, நொதிப்பொடி கலந்தால் அந்தப் பசையை அறுத்துவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னாள். பொடி என்னவோ அவள் மானத்தைத்தான் அறுத்தது.

"சாயங்காலம் மக்காச்சோளத்துக்குச் சொல்லிடறேன். இனிமே தீவன விஷயத்துல நீ தலையிடாதே," என்று கணவன் முடிவாகச் சொல்லிவிட்டான். அந்தக் கடைசிப் பேச்சுதான் அவளைச் சுட்டது.

பொடி விற்றவருக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி ஏசினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சூட்டுல போட்டீங்களாம்மா? சூடு பட்டா அது செத்துடும்."

"அதுகூடவா எங்களுக்குத் தெரியாது?" என்று வெடுக்கென்று போனை வைத்தவள், வைத்த கையோடு தீவன அறைக்கு ஓடினாள். மாமனார் அங்கே யாரையும் அண்ட விடமாட்டார். கலக்கும் வேலை முழுக்க அவருடையது.

நீராவியில் வெந்த தீவனம் இயந்திரத்திலிருந்து விழ விழ, அவர் பொடியைத் தூவிக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி.

"மாமா! ஆறினப்புறம்தானே போடணும்?"

"நீதானேம்மா போன்ல சொன்னே, பொடி வந்ததும் சூட்டோட சூடா கலந்துடுங்கன்னு? ஒரு நாள்கூட நான் ஆற விட்டதில்லை!"

சீக்கிரம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். தன் வாயிலேயே இரண்டு போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

சத்தம் கேட்டுக் கணவன் வாசலுக்கு வந்துவிட்டான், போனும் கையுமாக. "யார் பண்ணின தப்பு?"

மாமனாரின் முகம் சுருங்கிவிட்டது. பழியை அவர் தலையில் கட்ட ஒரு சொல் போதும். அது நாக்கு நுனிவரை வந்தது.

"என் வாய் பண்ணினதுங்க. இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாம்."

அவன் அப்பாவைப் பார்த்தான், ஆவியைப் பார்த்தான், போனைச் சட்டைப்பையில் போட்டான். "ஒரு தடவைதான்."

அவளுக்கு உயிர் வந்தது. "இனிமே ஆற அமரக் கலக்குங்க, மாமா."

மாமனார் பயபக்தியோடு தலையாட்டினார். மூலையிலிருந்த முக்காலியை இழுத்துப் போட்டு, பொடிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

"அமர்ந்துட்டேன்மா. கலக்கட்டுமா?"

தீவனத்தில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.