உயிரோடு இருப்பவருக்கு இரங்கற்பா

பிரேமளா தாளை நாலாக மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தபோது, கூடத்துக் கட்டிலில் கிடந்த அப்பா கண்ணைத் திறந்துவிட்டார்.

“என்ன எழுதுற?”

“ஒண்ணுமில்லப்பா. கடைச் சாமான் லிஸ்ட்.”

நாற்பத்தாறு வயதில் இப்படி ஒரு பொய்.

தாளில் இருந்தது அப்பாவுக்கான இரங்கற்பா. ஆள் மூச்சும் பேச்சுமாக இருக்கும்போதே! எல்லாம் அண்ணன் தயானந்தன் செய்த வேலை. சிங்கப்பூரில் அவனுக்குக் கிடைத்த லீவு ஒன்பது நாள். வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் “ரெண்டு மூணு நாள்தான்” என்று சொல்லிப் போன கையோடு, பக்கத்து ஊர் மாசாயில் ஓர் அச்சகத்தைப் பிடித்துவிட்டான். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பங்களில் முப்பத்தோராம் நாளுக்கு வருகிறவர்கள் கையில் கல்வெட்டு என்று ஒரு நினைவுப் புத்தகம் கொடுப்பார்கள். அதில் பாட்டு இல்லாவிட்டால் சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்காது. “முன்னாடியே எழுதிட்டா பிறகு அலைய வேணாம் லா,” என்றான், ஏதோ பஸ் டிக்கெட் எடுப்பதுபோல. இவளும் மண்டையை ஆட்டிவிட்டு உட்கார்ந்து எழுதினாள். முதல் பாட்டு எழுதிய அன்று அப்பா கஞ்சி குடித்தார். மூன்றாவது எழுதிய அன்று தண்ணீர்கூட இறங்கவில்லை. அன்றைக்குப் பிடித்த பயம் விடவே இல்லை.

அந்தப் பயத்தை ஊட்டி வளர்த்தவரே அப்பாதான். சோமசேகரம் முப்பது வருஷம் ஜொகூர் பாரு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். ஓய்வுபெற்ற பிறகு, பாட்டுக் கட்டுகிறவனை எந்த மொழி என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று தேடித் தேடி நோட்டில் எழுதுவதே பொழுதுபோக்கு. சோற்றுத் தட்டின் முன்னால் அதே பேச்சு.

“மலாய்ல பெஞாயிர். அதுக்கு வேரு அரபு ஷாயிர். ஷாயிர் காதுல ஜின் வந்து ஓதுதுன்னு அந்தக் காலத்துல நடுங்கினாங்க. ஐரிஷ்காரங்க ‘ஃபிலி’ன்னு சொல்வாங்க. அவன் வசை பாடினா மூஞ்சியில கொப்புளம் கெளம்புமாம். நம்ம புலவன் அறம் வச்சுப் பாடினா ஆளே காலி. பேருதான் வேற வேற, பயம் ஒண்ணுதான்.”

அப்போதெல்லாம் அவளும் சேர்ந்து சிரித்தவள்தான்.

சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். தாளை நெருப்புக்குக் கிட்டே கொண்டுபோனபோது தயானந்தன் வந்து கையைப் பிடித்தான்.

“பைத்தியமா உனக்கு? நாலு மணிக்கு அச்சகத்துல குடுக்கணும்.”

“நான் எழுத எழுதத்தான் அப்பா இறங்கிக்கிட்டே வராரு அண்ணா. நானே கொல்ற மாதிரி இருக்கு.”

அவனிடமிருந்து ஒரு வசவை எதிர்பார்த்தாள். அவன் அடுப்பை மட்டும் அணைத்தான்.

“பிரேமா,” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. “அந்த லிஸ்ட்டைக் கொண்டாந்து படி.”

அவள் கட்டிலருகே போய் நின்றாள். “வேணாம்ப்பா.”

“நாலு நாளா விரல் விட்டு எண்ணி எண்ணி எழுதுற. கடைச் சாமானுக்கு யாரு சீர் எண்ணுவா?”

“எனக்குப் பயமா இருக்குப்பா.”

“எனக்கும்தான்,” என்றார் அவர். “படி.”

படித்தாள். முதல் பாட்டு நீதிமன்றத்தைப் பற்றியது. போர்வைமேல் அப்பாவின் ஆள்காட்டி விரல் சீருக்கு ஒரு தட்டாகத் தட்டியது. இரண்டாவது பாட்டுக்கும் தட்டியது. பாசிர் கூடாங் ஆலையில் ஷிப்ட் முடிந்தவர்களின் மோட்டார்சைக்கிள்கள் தெருவை நிறைத்துக்கொண்டு போயின. அவருக்குக் கேட்க வேண்டுமே என்று குரலை உயர்த்தினாள்.

மூன்றாவது பாட்டின் நடுவில் விரல் நின்றது. தாளின் ஓரத்துக்கு அப்பால் அது அவளுக்குத் தெரிந்தது. தயானந்தன் கட்டிலை நோக்கி ஓரடி வைத்ததும் தெரிந்தது. அவள் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நாலாவதையும் முடித்தாள். நிறுத்தினால் நிமிர்ந்து பார்க்க வேண்டும். மூச்சுக்கூட விடாமல் மறுபடியும் முதல் பாட்டிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.